சாப்பிட்டவர்: தம்பி

வேலை விட்டு வந்து கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், தண்ணீர் எடுக்கலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தவள், கீழ்த்தட்டில் ஒரு சாம்பிள் பாட்டில் நிற்பதைப் பார்த்தாள். கட்டைவிரல் உயரக் கண்ணாடி பாட்டில், சிவப்பு மூடி. உள்ளே காலையில் தம்பிக்குக் காய்ச்சிக் கொடுத்த ஓட்ஸ் கஞ்சி ஒரு கரண்டி அளவு, மேலே மெல்லிய ஆடை கட்டிப்போய் இருந்தது. ஃப்ரிட்ஜின் மோட்டார் ஒருமுறை உறுமி அடங்கியது. அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

ஒன்பது வாரமாக அந்தத் தட்டு காலி. சோடா உப்புப் போட்டுத் துடைத்து, இருந்த பாட்டில்களையெல்லாம் பையில் கட்டி, எடுத்து வந்த இடமான பால் லேபுக்கே கொண்டுபோய்ப் போட்டவள் அவள்தான்.

பாட்டிலில் லேபிள் இருந்தது. தேதி: இன்றையது. வேளை: காலை. பதார்த்தம்: கஞ்சி. சாப்பிட்டவர்: தம்பி. பென்சில் எழுத்து. வரிக்கு வரி வலப்பக்கம் ஏறிக்கொண்டே போய், கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. அப்படி எழுதுகிற ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். அவளை மண்ணில் வைத்துவிட்டு வந்து ஒன்பது வாரம் ஆகிறது.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் கிரீஸ் கையோடு உள்ளே வந்தபோது கேட்டாள்.

"ஃப்ரிட்ஜ்ல சாம்பிள் வச்சீங்களா?"

"நான் எதுக்கு வைக்கப் போறேன்? அதெல்லாம் அம்மா-மக டிபார்ட்மென்ட்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு ரொம்ப நேரம் சோப்புப் போட்டுக் கை கழுவினார். அவள் பாட்டிலை அவரிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவர் அழுதிருப்பார், இல்லை அவளுக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். இரண்டையும் தாங்குகிற தெம்பு அன்றைக்கு அவளிடம் இல்லை.

அவளைத் தெருவில் 'லேப்' என்றே கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாகப் பால் சேகரிப்பு நிலையத்தில் பாலைச் சோதிக்கிற வேலை. டேங்கர் டேங்கராக வருகிற பாலில் மனிதர்கள் என்னென்ன கலப்பார்கள் என்று கண்ணால் பார்த்தவள். சோப்புத் தூள், யூரியா, மாவு, ஒருமுறை செத்த பல்லி. கையில் குழாயைக் குலுக்கிப் பார்த்து நுரை நிற்கிற விதத்திலேயே சொல்லிவிடுவாள். வீட்டுக்கு வந்தால் பால் தொண்டையில் இறங்காது. முதலில் கடைப்பால் நின்றது. அப்புறம் கடைக் கீரை, கடை முட்டை, கடை ரொட்டி. மொட்டை மாடியில் பெயிண்ட் வாளிகளில் மண் போட்டுத் தக்காளி, பசலை, பீன்ஸ். மூலையில் வலையடித்து ஆறு கோழி. "எதுவும் தெரியாம இருந்திருந்தா நிம்மதியா தின்னு நிம்மதியா செத்திருக்கலாம்" என்று கணவர் சிரிப்பார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாடிக்கு மண் சுமந்தது அவர்தான்.

பால் நிலையத்தில் வருகிற ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பாட்டில் எடுத்து மூன்று நாள் குளிரில் வைப்பது வழக்கம். யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் அந்தப் பாட்டிலை எடுத்துச் சோதிப்பார்கள். அந்த வழக்கத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். சமைக்கிற எல்லாவற்றிலும் ஒரு கரண்டி, மூன்று நாள், கீழ்த்தட்டில். லேபிள் எழுதுவது மகள் வேலை. ஓர் இடத்தில் நிற்காததால் அவளுக்குச் சிட்டு என்று பெயர். அந்தச் சிட்டு லேபிள் எழுதுகிற நேரம் மட்டும் மேஜையில் கன்னத்தைச் சாய்த்து, நாக்கு நுனியை வெளியே நீட்டிக்கொண்டு, ஆடாமல் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு அது விளையாட்டு இல்லை. தம்பி ஒரு வாய் தின்னுமுன் ஓடிவந்து கரண்டியை நீட்டி, "இருடா, சாம்பிள்" என்பாள்.

மறுநாளும் ஒரு பாட்டில். முட்டை. சாப்பிட்டவர்: தம்பி. அதற்கு அடுத்த நாள் மூன்று. காலை, மதியம், மாலை. அவள் ஒவ்வொன்றையும் குப்பைத்தொட்டியில் போட்டு, தொட்டியைத் தெருமுனைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்தாள். ஃப்ரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கினாள். சில்லென்ற தட்டு இருட்டில் மெல்ல வியர்த்து, தண்ணீர் சொட்டி, பழைய ரப்பர் வாசனை அடித்தது. சாயங்காலம் திறந்து பார்த்தால், அந்த வெதுவெதுப்புக்குள்ளும் பாட்டில் நின்றது. கதவின் வெளிப்பக்கம், பத்து வயதுகூட ஆகாத பிள்ளையின் தோளுயரத்தில், ஈர விரல்களின் தடம் நான்கு இருந்தது.

தம்பிக்கு ஐந்து வயது. அவன் சாப்பிடும்போது அவள் எதிரே உட்கார்ந்து கவனித்தாள். அவன் ஒரு கரண்டிக் கஞ்சியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டான்.

"அதையும் சாப்பிடுடா கண்ணா."

"அது சாம்பிளுக்கு."

"யாரு சொன்னா?"

இந்த அம்மாவுக்கு எதுவுமே தெரியவில்லையே என்பதுபோல் அவன் அவளைப் பார்த்தான். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து அதை இறுக்கி மூடிவிட்டுத் திரும்பினாள். இரண்டு நொடிகூட ஆகியிருக்காது. தட்டின் ஓரம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தம்பியின் வாய் வெறும் வாய்.

பிறகு அடுக்களையில் சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. மாடியில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது, கீழே லேபிளைத் தாளிலிருந்து பிய்க்கிற சத்தம், சர்ரென்று, பிறகு கட்டைவிரலால் பாட்டிலில் அழுத்தித் தேய்க்கிற கிறீச். துணி மடிக்கும்போது வேகவைத்த பீன்ஸின் பச்சை வாசனை, உப்பும் ஆவியுமாக, மூக்கில் வந்து உட்காரும். எல்லாவற்றையும்விட அவளால் தாங்க முடியாதது இன்னொன்று. வெயில் சாய்ந்து ஜன்னல் மஞ்சளாகிற நேரத்தில், சாப்பாட்டு மேஜைப் பக்கத்திலிருந்து, யாரோ எச்சில் விழுங்கப் பார்க்கிற சத்தம். தொண்டை எழும்பும், பாதியில் நிற்கும். மறுபடி எழும்பும், நிற்கும். ஆஸ்பத்திரியில் மகள் கிடந்த பத்தொன்பது நாளில் முதல் இரண்டு நாள், குழாய் போடும்வரை, அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட சத்தம் அது. அந்த நேரம் வந்தால் அவள் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொள்வாள்.

தெருவின் எதிர்ப்பக்கம் கேக் அக்காவின் வீடு. முன்னறையில் அடுப்பு வைத்துப் பிறந்தநாள் கேக் செய்து விற்றவள். ஒன்பது வாரமாக அந்தக் கண்ணாடிக் கதவில் உள்பக்கமிருந்து பேப்பர் ஒட்டியிருக்கிறது. ஒருத்தரும் அவளிடம் வாங்குவதில்லை. ஏனென்றால் சிட்டு படுக்கையில் விழுந்ததற்கு முந்தைய நாள் கேக் அக்கா மகளின் பிறந்தநாளுக்குப் போயிருந்தாள். அங்கே கேக் தின்றதால்தான் செத்தாள் என்று தெருவுக்கே தெரியும். கணவர் அந்த வாசலில் நின்று, காலர் கிழிய, "என் பொண்ணைத் திருப்பிக் குடு" என்று கத்தியதைத் தெருவே பார்த்தது. கேக் அக்கா மாவு படிந்த கைகளை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சிட்டு அந்தக் கேக்கைத் தின்னவே இல்லை. அது பெற்றவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி, ரோஜா நிறக் கிரீம் கையெல்லாம் ஒட்ட, வீட்டுக்குக் கொண்டுவந்து, "அம்மா, இது சாப்பிடலாமா?" என்று கேட்டாள் அவள் மகள். "கடைச் சரக்கு வேண்டாம்டி" என்று வாங்கித் தொட்டியில் போட்டாள். பிள்ளை முகம் சுண்டிப்போனது. அதைத் தேற்றத்தான் பரண்மேலிருந்து முதல் ஜாடியை இறக்கினாள்.

அந்த வருஷம் மாடியில் பீன்ஸ் காய்த்துக் கொட்டியது. தின்று மாளவில்லை. பன்னிரண்டு கண்ணாடி ஜாடியில் உப்புத் தண்ணீரோடு அடைத்து, பெரிய அண்டாவில் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தாள். ஜன்னலெல்லாம் ஆவி. ஆறும்போது தகர மூடிகள் ஒவ்வொன்றாக டக் டக் என்று உள்ளே இறங்க, சிட்டு ஒவ்வொன்றுக்கும் கை தட்டினாள். ஒவ்வொரு ஜாடியிலும் அவளே எழுதி ஒட்டினாள்: 'அம்மா பீன்ஸ். கழுவினது நான். நறுக்கினது பாதி நான்.' பாலைக் காய்ச்சினால் பால் பிழைத்தது. பன்னிரண்டு வருஷம் அதைத்தான் பார்த்திருக்கிறாள். பாலுக்குப் போதுகிற கொதி, காற்றுப் புகாமல் அடைத்த பீன்ஸுக்குப் போதாது, அதற்கு அழுத்தம் ஏற்றிய நீராவி வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஒன்று சாகாமல் கிடந்து மெல்ல விஷம் கக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. தெருவுக்கே லேப் அவள். யாரைக் கேட்பாள்?

சிட்டு ஜாடியில் இருந்ததைச் சூடாக்காமல் அப்படியே எடுத்துத் தின்றாள். தம்பிக்குப் பீன்ஸ் பிடிக்காது, கணவர் வேலைக்குப் போயிருந்தார். அவள் ஒருத்திதான். "சூப்பர்மா" என்றாள். சாம்பிளும் எடுத்து வைத்தாள். சாப்பிட்டவர்: நான்.

மறுநாள் மதியம் வாந்தி. சாயங்காலம், "அம்மா, நீ ரெண்டா தெரியுற" என்றாள். ராத்திரிக்குள் இமை இறங்கிவிட்டது. விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்து, பேனாவை நிறுத்தி, "வீட்டுல பாட்டில்ல அடைச்சு வச்சது ஏதாவது சாப்பிட்டாளா?" என்றார்.

"இல்ல டாக்டர். நான் பால் லேப்ல வேலை பாக்குறேன். எங்க வீட்டுல எல்லாம் சுத்தம். வெளிய ஒரு பர்த்டேல கேக் சாப்பிட்டா."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. சிட்டு கட்டிலில் கிடந்தாள், நாக்குப் புரளவில்லை, ஆனால் காது கேட்டது. இமையைத் தூக்கிப் பிடித்திருந்த விரலை எடுக்காமல் அம்மாவையே பார்த்தாள். கணவர் அப்போது கீழே அட்மிஷன் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். அன்றிரவே அவள் துணி எடுக்கிற சாக்கில் வீட்டுக்கு வந்து, ஜாடியில் மிச்சமிருந்ததையும் கீழ்த்தட்டில் இருந்த சாம்பிளையும் கழுவுதொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். மூன்றாம் நாள் டாக்டர்கள் தாங்களே கண்டுபிடித்து மருந்து போட்டார்கள். "ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா" என்று அந்த இளம் டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார்.

மிச்சம் பதினோரு ஜாடி பரண்மேல் ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தது. கொட்டிவிடத்தான் பலமுறை ஏணியில் ஏறினாள். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் கையெழுத்து. அதைத் தண்ணீரில் ஊறவைத்து உரிக்க எந்தத் தாய்க்குக் கை வரும்? பெட்டியை மூடி, மேலே பழைய கம்பளியைப் போட்டுவிட்டு இறங்கிவிடுவாள். கடைசியில் ஏறுவதையே விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சிட்டுவுக்குப் பத்து வயது முடிகிற நாள். காலையில் அவளும் கணவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது, "சாயங்காலம் நான் சீக்கிரம் வந்துடறேன். தம்பிய நானே கூட்டிட்டு வர்றேன்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. இன்றைக்கு யாருக்குத்தான் ஒரு மாதிரி இருக்காது என்று அவள் விட்டுவிட்டாள்.

லேபில் சாயங்கால வண்டி வந்து இறங்கியிருந்தது. நீள மேஜையில் நாற்பது பாட்டில் வரிசையாக நின்றன. காய்ச்சாத பாலின் கனத்த வாசனை, ஸ்பிரிட் வாசனை, சுழல்கிற மெஷினின் ஒரே சீரான ரீங்காரம். அவள் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துக் குலுக்கி, வெளிச்சத்தில் பார்த்து, வைத்துக்கொண்டே போனாள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. இருபத்தாறாவது பச்சை.

பீன்ஸ். ஒரு விரற்கடை நீளத்துக்கு நறுக்கியது, கலங்கின தண்ணீரில்.

லேபிளில் இன்றைய தேதி. வேளை: மாலை. பதார்த்தம்: அம்மா பீன்ஸ். சாப்பிட்டவர்: தம்பி.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை. மாலை இன்னும் முடியவில்லை.

"என்னக்கா, பால்ல பீன்ஸ் போட ஆரம்பிச்சுட்டானுங்களா" என்று பாட்டில் கழுவுகிறவள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். அப்புறம் இவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். கணவருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி. மறுபடி. வேலையில் அதிகாரியின் திட்டுக்குப் பயந்து போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிட மறந்துபோகிற ஆள் அவர். பஸ் பிடித்தால் பதினைந்து நிமிஷம். தெருவில் வேறு யாருடைய நம்பரும் அவள் போனில் இல்லை. ஒன்றைத் தவிர. பிள்ளைகள் சேர்ந்து விளையாடிய காலத்தில் வாங்கி வைத்தது.

கேக் அக்கா எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா, எங்க வீட்டுக்குப் போங்க. இப்பவே. தம்பிக்கு அவர் பீன்ஸ் குடுக்கப் போறார். ஜாடில இருக்கிறது. அவனைத் தின்ன விடாதீங்க."

"ஏன்?"

மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. பாட்டில் கழுவுகிறவள் ஈரக்கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுல விஷம் இருக்கு. அதைத் தின்னுதான் என் பொண்ணு செத்தா."

"அப்ப என் கேக்கு?"

"அவ தொடவே இல்லக்கா. எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும்."

அவள் காதோடு போனை அழுத்திக்கொண்டு நின்றாள். கதவு ஒன்று திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஓட்டமாகச் செருப்புச் சத்தம். பிறகு லைன் அறுந்தது.

அவள் ஓடினாள். வெள்ளைக் கோட்டோடு பஸ் ஏறினாள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் சில்லறை தேடினார். மழை வருகிற இருட்டு. ஜன்னலில் அவள் முகம். பின் சீட்டில் யாரோ விழுங்கப் பார்க்கிற சத்தம். தொண்டை எழும்பி, நின்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

மேஜைமேல் ஜாடி. மூடி கழன்று கிடந்தது. பக்கத்தில் ஏணி. கம்பளித் தூசி. கணவர் கையில் கரண்டியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேக் அக்கா அவர் முன்னால், தம்பியின் தட்டைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சட்டையெல்லாம் பீன்ஸ் தண்ணீர்.

"ஒண்ணும் தின்னல" என்றாள் கேக் அக்கா. "நான் வந்தப்பவே அவன் வாயைத் திறக்கல."

"எவ்வளவோ கெஞ்சினேன்" என்றார் கணவர். அவளைப் பார்க்காமல், ஜாடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அக்கா செஞ்சதுடா, அக்காவுக்கு இன்னிக்குப் பொறந்தநாள்டா, ஒரே ஒரு வாய்னு. கம்பளி எடுக்க ஏறினேன், பெட்டி பூரா புள்ள கையெழுத்து. மூணு பேருமா சாப்பிடலாம்னு நெனச்சேன். அவன் திறக்கவே மாட்டேனுட்டான். நான் தின்னு காட்டினேன்."

தம்பி சுவரோரம் நின்றான். கண் மட்டும் அகலத் திறந்திருந்தது. அவன் வாயின் மேல், கன்னத்திலிருந்து கன்னத்துக்கு, நான்கு விரல்கள் அழுந்தின பள்ளம். ரத்தம் வற்றி வெளுத்துப்போன பள்ளம். சின்ன விரல்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாக அழுந்தியது.

"எவ்வளவு தின்னீங்க?"

"நாலு கரண்டி. அஞ்சு."

"மருந்து இருக்கு. சீக்கிரம் போனா மருந்து இருக்கு. ஜாடிய எடுத்துக்கிட்டுப் போங்க, வீட்டுல அடைச்ச பீன்ஸுன்னு வாசல்லயே சொல்லுங்க."

அவர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு டாக்டர் கேட்டாரா, இது மாதிரி ஏதாவது சாப்பிட்டாளான்னு?"

"கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்று இருந்தது. அவர் எழுந்து, ஜாடியை மூடி, லேபிளில் கை படாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தம்பியைத் தூக்கினார். தூக்கியதும் தம்பியின் வாய் திறந்துகொண்டது. முகத்தில் சட்டென்று ரத்தம் ஏறியது. அவன் பெரிதாக மூச்சு வாங்கி அழ ஆரம்பித்தான்.

"என் வண்டில போலாம்" என்றாள் கேக் அக்கா.

அவளும் வாசல்வரை ஓடினாள். கணவர் திரும்பி, "நீ வராத" என்றார். கோபமாகக்கூட இல்லை. வண்டி கிளம்பித் தெரு திரும்புகிறவரை தம்பியின் அழுகை கேட்டது. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

அவள் உள்ளே வந்தாள். விளக்கைப் போடத் தோன்றவில்லை. தரையெல்லாம் பீன்ஸ். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தொட்டியில் போட்டாள், தரையைத் துடைத்தாள், கையைக் கழுவினாள். எல்லாரிடமும் சொல்லியாயிற்று. சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். ஒன்றும் இறங்கவில்லை. அவளுக்கு அந்தப் பிள்ளை வேண்டும். ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

மேஜைக்கு இந்தப் பக்கம், ஜன்னல் ஓரம். எப்போதும் உட்காருகிற இடம்.

அவள் உடனே திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வாசனை. கூடவே, அடியில், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை. மகளின் தலை. அந்த வாசனைக்காக அவள் திரும்பினாள்.

மங்கலில் முகம் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தவரை போதும். ஒரு விரல் இமையைத் தூக்கிப் பிடித்திருந்தது. இன்னொரு கை மேஜைமேல், வெறும் தட்டுக்குப் பக்கத்தில்.

"சிட்டு."

தொண்டை எழும்பி, நின்றது.

"பசிக்குதாடா?"

பத்தொன்பது நாள். ஒரு பருக்கை இறங்காத பத்தொன்பது நாள். அப்புறம் ஒன்பது வாரம்.

வாய் திறந்தது.

அவள் அடுப்பில் பாத்திரத்தை வைத்தாள். கஞ்சி காய்ச்சினாள். ஆற்றினாள். உதட்டில் வைத்துச் சூடு பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் அந்தக் குளிர்ந்த தாடையைத் தாங்கி, ஊட்டினாள்.

கஞ்சி உள்ளே போயிற்று. வாய் மூடவில்லை. தொண்டை எழும்பியது. நின்றது. கஞ்சி அப்படியே வழிந்து, மோவாயில் இறங்கி, அவள் கையில் சொட்டியது. சில்லென்று.

துடைத்துவிட்டாள்.

"மெதுவா. அம்மா இருக்கேன். மெதுவா முழுங்கு."

இன்னொரு வாய். வழிந்தது.

இன்னொரு வாய்.

விரலால் தூக்கிப் பிடித்த அந்த ஒற்றைக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் கோபம் இல்லை. பசி மட்டும்தான் இருந்தது. அவள் ஊட்ட ஊட்ட, ஒவ்வொரு தடவையும், அம்மா கொடுக்கிறாள் என்று நம்பி, அந்த வாய் மறுபடி திறந்தது.